கழற்றிப் போட்ட குழாய்

துஷாந்தி தோப்பூருக்குப் படிப்பிக்கப் போகிற காரில், அவளைக் கேட்காமலே கணவன் நிலக்சன் புதுக் காற்றுக்குழாயும் ஃபில்டரும் பூட்டினான். அன்று தொட்டு எஞ்சின் திக்கித் திக்கி ஓடியது. இன்று காலை கிண்ணியாப் பாலத்தில் லொறிக்கு முன்னால் நின்றே போனது.

“என்னைக் கொல்லவோ இதைப் பூட்டினனீங்கள்?” வீட்டு முற்றத்துக்குத் திரும்பியதும் துஷாந்தி கத்தினாள்.

“கத்தாதையும், பாக்கிறன்!”

கிளிப்புகளை இறுக்கினான். சென்சரைத் துடைத்தான். காற்று எங்கும் கசியவில்லை. ஆனாலும் எஞ்சின் திக்கியது.

“ஏலாது. பழையதைப் பூட்டுங்கோ, இப்பவே!”

பழையதைப் பூட்டியதும் எஞ்சின் சீராக ஓடியது. துஷாந்தி காரை வெளியே எடுத்தாள். ஆத்திரத்தோடு திரும்பிய நிலக்சனுக்கு அந்தத் திக்கல் மறுபடி கேட்டது. முற்றத்தில் கழற்றிப் போட்ட குழாய் விட்டு விட்டுக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கிடந்த வேப்பஞ்சருகுகள் ஒவ்வொன்றாய் அதற்குள் போயின.

“சனியன்!” என்று குந்தி, உள்ளங்கையால் அதன் வாயைப் பொத்தினான்.

வீதியில் காரின் எஞ்சின் நின்று போனது.

“இப்ப என்ன செய்தனீங்கள்?” துஷாந்தி அங்கிருந்து கத்தினாள்.

அவன் கையை எடுக்கப் பார்த்தான். குழாய் விடவில்லை.