பன்னிரண்டு கம்பளிகள்

தேயிலைத் தோட்டத்து ஆட்களைக் காலையில் கூட்டிக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் மூடுபனி இன்னும் விலகவில்லை; சாக்கின்மேல் பன்னிரண்டு கம்பளிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றின் மடிப்புகூடக் கலையவில்லை. விஷக்காய்ச்சல் கண்ட கிழவன் கிழவிகளை அரசாங்க உத்தரவு என்று சொல்லித் தோட்டத்தின் பாழடைந்த லய வீடுகளில் ஒதுக்கிவைத்தார்கள். பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் அங்கேயே செத்துப்போனார்கள். மிஞ்சியவர் சடையன். இந்தச் சாவுகளை விசாரிக்க வந்திருக்கும் அரசாங்கத் துரையின் மேசைக்கு முன்னால் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். துரைக்குத் தமிழ் தெரியாது. அவருடைய மொழிபெயர்ப்பாளன் நான். “அரசாங்கம் அனுப்பிய கம்பளி கிடைத்ததா என்று கேள்” என்கிறார் துரை. கேட்கிறேன். சடையன் மேலே இருக்கும் கம்பளியைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறார். “இன்னைக்குக் காலையிலதானுங்க வண்டியில வந்து எறங்குச்சு. எம் பொஞ்சாதி குளுருது குளுருதுன்னு சொல்லிக்கிட்டே போயிட்டா. மூணு மாசமாச்சுங்க.” எனக்குத் தெரியும். பண்டாரவளை ரயிலடியிலிருந்து அந்தக் கம்பளி மூட்டையின்மேல் உட்கார்ந்துதான் நான் வந்தேன். துரை பேனாவை மையில் தோய்த்துவிட்டு என் வாயையே பார்க்கிறார். “கிடைத்தது என்கிறான்” என்று இங்கிலீஷில் சொல்கிறேன். பேனா காகிதத்தைக் கீறும் சத்தம் கேட்கிறது. “எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா ஐயா?” என்கிறார் சடையன். தலையாட்டுகிறேன். கைகளைக் கக்கத்துக்குள் செருகிக்கொள்கிறேன். “மலைக்குளுரு ஐயாவுக்குப் பழக்கமில்ல போல” என்றபடி ஒரு கம்பளியை உதறி என் தோளில் போர்த்துகிறார். நல்ல கம்பளி. உடனே கதகதக்கிறது.