வெட்டாத வீடியோ

டிக்… டிக்… டிக்.

புது ஹார்ட் டிஸ்க் சத்தம் போட்டதே தவிர, லேப்டாப் திரையில் தலைகாட்டவே இல்லை.

"செத்துப்போச்சா?" ரெத்னோவின் குரல் உடைந்தது. "லாரஸ், மதுரா தீவு உப்பளத்துல எடுத்த பேட்டி மொத்தமும் இந்த லேப்டாப்புலதான் இருக்கு. இதுவும் இன்னிக்கோ நாளைக்கோன்னு இழுத்துக்கிட்டிருக்கு. காப்பி பண்ண முடியலைன்னா என் ஆராய்ச்சி…" முடிக்க முடியாமல் அழுதுவிட்டாள்.

"போன்ல வீடியோ இன்னும் பதிவாகுதுல்ல? ஓடட்டும். உன் கண்ணீரும் சாட்சிதான்!" என்றாள் லாரஸ்.

யோக்யகர்த்தா நகரத்தின் அந்த மாணவியர் விடுதியில் யாருக்கு அநியாயம் நடந்தாலும் முதலில் கொதிப்பவள் அவள்தான். சட்டம் மூன்றாம் ஆண்டு. ஃபிரிஜ்ஜில் காணாமல் போன ஒரு சோயா தெம்பே துண்டுக்காகவே ஒரு விசாரணைக் கமிஷன் நடத்தியவள்.

பெட்டியைப் பிரிப்பதில் தொடங்கி, பொருளைச் சோதித்துப் பார்ப்பது வரை வெட்டாமல் எடுத்த வீடியோ இல்லையென்றால் எந்த ஆன்லைன் கடையிலும் புகார் எடுபடாது. அது லாரஸுக்கா தெரியாது? அதனால் பார்சல் வந்ததுமே ரெத்னோ கையில் போனைக் கொடுத்துவிட்டு, பெட்டியின் ஆறு பக்கத்தையும் நகைக்கடைக்காரர் மாதிரி திருப்பித் திருப்பிக் காட்டினாள். டேப்பை அறுத்தாள். உள்ளே பபிள் ஷீட் இரண்டே சுற்றுதான் என்று எண்ணிக் காட்டினாள். கூரியர் ஆட்கள் பார்சலை என்ன பாடு படுத்துவார்கள், அதற்கு இந்தச் சுற்று எந்த மூலைக்கு என்று செய்முறையோடு விளக்கினாள். அதற்குப் பிறகுதான் டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டியிருந்தாள்.

"முட்டைக்காரிகூட இதைவிட பத்திரமா கட்டித் தருவாடி!"

"லாரஸ், வீடியோவை அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை நாமளே…"

"நீ பேசாம இரு. உன்னை மாதிரி வாயில்லாப் பூச்சிங்க இருக்கறதாலதான் இவனுங்க இந்த ஆட்டம் ஆடறானுங்க."

புகார் போனது. வீடியோ போனது. கூடவே கடைக்கு ஒற்றை நட்சத்திரமும் போனது. அதன் கீழே லாரஸ் எழுதினாள்: 'ஒரு மாணவியின் உழைப்பை இரண்டு சுற்று பிளாஸ்டிக்கை நம்பி அனுப்பும் இந்த அலட்சியத்துக்கு, இந்த ஒரு நட்சத்திரமும் அதிகம்.'

பக்கத்து அறை உமி போனை எட்டிப் பார்த்தாள். "இதுவரைக்கும் அந்தக் கடையை யாருமே குறை சொல்லலை போலிருக்கே! சுரபாயாவுல புருஷனும் பொண்டாட்டியும் ரெண்டே பேரா நடத்தறாங்களாம்."

"அப்போ ஏமாத்தினதுல ரெண்டு பேருக்கும் சம பங்கு."

சாயங்காலமே கடைக்காரரிடமிருந்து பதில் வந்துவிட்டது. 'வீடியோவை முழுசா பார்த்தேன் அக்கா. உடனே வேற அனுப்பறேன்.'

"பார்த்தியா?" லாரஸ் கட்டில் மேல் ஏறி நின்றாள். "எதிர்த்து ஒரு கேள்வி கேட்டானா? மடியில கனம் இருக்கறவன்தான் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்குவான்!"

"இல்ல லாரஸ், அவர் ஏன் கேட்கலைன்னா…"

"ஏன்னா, பயம்!"



அந்த வாரக் கடைசியில், "பார்சல்!" என்று கேட் பக்கம் குரல் கேட்டது. எடுக்கப் போன உமி திரும்பி வரவில்லை. ஆள் உதவி கேட்டுக் கத்தினாள். சுற்றிலும் மரச்சட்டம் வைத்து ஆணி அடித்த பெட்டி!

"இதுக்குள்ள ஆடு ஏதாவது இருக்கா?" என்றாள் உமி, மூச்சு வாங்கிக்கொண்டே.

"ஒரே ஒரு நட்சத்திரம்டி! அதோட பவரைப் பாரு!"

விடுதியே கூடிவிட்டது. யாரோ சுத்தியல் கொண்டுவந்தார்கள். மரம், அட்டை, தெர்மகோல், பபிள் ஷீட் என்று உரிக்க உரிக்க வந்துகொண்டே இருந்தது. லாரஸ் கேமராவைப் பார்த்து நுகர்வோர் உரிமை பற்றி முழங்கிக்கொண்டே டிஸ்க்குக்காகக் கையை நீட்டினாள்.

ரெத்னோ போனை உமியிடம் கொடுத்துவிட்டுக் குறுக்கே வந்து நின்றாள். "நீ பேசு லாரஸ். இதை நான் எடுக்கறேன்."

டிஸ்க்கைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய் மாட்டினாள். சோதனை ஓடியது. ஒரு பழுதும் இல்லை. பேட்டிகள் ஒவ்வொன்றாக ஏறின. ஒன்றைத் திறந்து பார்த்தாள். உப்பளத்துப் பெரியவர் ஒருவர் இருமிவிட்டுப் பேசத் தொடங்கினார். அந்த இருமலைக் கேட்டு ரெத்னோ சிரித்த சிரிப்பில் எல்லோரும் கை தட்டினார்கள்.

கை தட்டல் தனக்குத்தான் என்று லாரஸ் எடுத்துக்கொண்டாள். "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. மன்னிப்பு!" என்று சொல்லி, கடைக்காரருக்குத் தட்டினாள்: 'மரப்பெட்டி கட்டத் தெரிந்தவர், முதல் பேக்கிங்கைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?'

கொஞ்ச நேரத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"எல்லாரும் கேளுங்கடி. இப்படித்தான் இவங்களை வழிக்குக் கொண்டுவரணும்!" ஸ்பீக்கரில் போட்டாள்.

தயங்கித் தயங்கிப் பேசியது கடைக்காரரின் குரல்.

"அக்கா, டிஸ்க் நல்லா ஓடுதா? அந்த அழுத பொண்ணுக்கு எல்லாம் காப்பி ஆயிடுச்சா? அவங்க அழுததைக் கேட்டுட்டு என் பொண்டாட்டியும் அழுதுட்டா. 'நஷ்டம் போனா போகட்டும், முதல்ல அந்தப் பொண்ணுக்கு வேற அனுப்புங்க'ன்னா. அதான் எதுவும் கேட்காம அனுப்பிட்டோம்."

எல்லோரும் போன் பக்கம் நெருங்கி வந்தார்கள். லாரஸ் மட்டும், "பேக்கிங், பேக்கிங்… அதுக்கு வாடா," என்று முணுமுணுத்தாள்.

"பேக்கிங் பத்திக் கேட்டீங்களே அக்கா… கூரியர்காரங்க எறிஞ்சாலும் தாங்கற மாதிரிதான் சுத்தி அனுப்பினேன், சுத்தினதையெல்லாம் நீங்க பிரிச்சுட்டு, 'இப்படித்தான் எறிவாங்க'ன்னு வெறும் டிஸ்க்கைத் தரையில எறிஞ்சு காட்டுவீங்கன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?"