ஓடுகிற வண்டிக்குப் பிரீமியம்

விபத்துக்குப் பிறகு, இனி தேறாது என்று எங்கள் காரை இன்சூரன்ஸ்காரர்களே நசுக்கிவிட்டார்கள். ஓட்டிய என் வீட்டுக்காரர் விபத்து நடந்த இடத்திலேயே போய்விட்டார். பாலிசியை முடிக்கக் கையெழுத்துப் போடப் போனேன்.

அதிகாரி திரையைக் காட்டினார். "தூரத்தைக் கணக்கெடுக்குற கருவியும் வண்டியோட நசுங்கிடுச்சு மேடம். ஆனா அதுக்கப்புறமும் தினம் காலையில ஏழே முக்காலுக்கு உங்க வீட்டுலேர்ந்து ஒரு ஸ்கூல் வரைக்கும் ஓடினதா காட்டுது. ஏதோ கோளாறு. கையெழுத்துப் போட்டீங்கன்னா மூடிடலாம்."

அது என் மகளின் பள்ளி. அவர்தான் தினமும் அவளைக் காரில் கொண்டுபோய் விடுவார்.

பேனாவை மூடினேன். "முடியாது. ஓடுற வண்டிக்கு இன்சூரன்ஸ் வேணும். பிரீமியத்தை வாங்கிக்குங்க."

"வண்டியே இல்லியேம்மா!"

"அது உங்க பாடு."

மறுநாள் ஏழே முக்காலுக்கு மகளைப் பள்ளி வேனில் ஏற்றினேன். எதிர்வீட்டார் பார்த்தால் பார்க்கட்டும் என்று, காலி ஷெட்டின் கேட்டை அகலத் திறந்து, ஓரமாக நகர்ந்து வழிவிட்டேன்.