கத்தி எடுக்காத டாக்டர்

“இதை நான் வெட்டப் போறதில்ல” என்றார் டாக்டர் லோசாதா.

நூபியாவும் அவள் அக்கா மார்லெனியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைநகர் கீட்டோவிலேயே கைராசிக்காரர் என்று கேள்விப்பட்டு, அம்பாத்தோவிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள்.

நூபியா முடி திருத்துகிறவள். வலது தோளில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி. கையைத் தூக்கிக் கத்தரி பிடிக்க முடியவில்லை.

“புற்றுநோய் இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க? எடுத்துட்டா முடிஞ்சுதே!” என்றாள் மார்லெனி.

“உசுருக்கு ஆபத்தில்லம்மா. ஆனா பத்து லட்சம் பேர்ல நாலஞ்சு பேருக்கு வர்ற கட்டி. வெட்டின இடத்துலயே திரும்ப முளைக்கும். கீழ் மாடிக்குப் போங்க. டாக்டர் ஹிமேனா ஊசி குத்திக் கட்டியை உறைய வைப்பாங்க.”

வெளியே வந்ததும் மார்லெனி பொரிந்தாள். “கைராசிக்காரராம்! கை நடுங்குது போல. யாரோ ஒருத்தி தலையில கட்டிட்டு நழுவறாரு.”

“சும்மா இரு அக்கா. உறைய வைக்கிறதுன்னா எப்படின்னு பார்த்துடலாம்.”

அடுத்த வாரம் ஹிமேனா தோளை மரத்துப்போகச் செய்து, இரண்டு மெல்லிய ஊசிகளை உள்ளே செலுத்தினாள். நூபியாவின் கண் ஸ்கேன் திரையை விட்டு அகலவில்லை.

“டாக்டர், கறுப்பா ஒரு உருண்டை வளருதே?”

“ஐஸ். உங்க கட்டிக்குள்ள.”

“ஐஸா! எவ்வளவு குளிரு?”

“சிம்பொராசோ உச்சியைவிட அதிகம்.”

“அடேயப்பா! அந்த மலையைத் தினம் பார்த்துக்கிட்டுதான் முடி வெட்டறேன்.”

பத்து நாள் தோள் வீங்கி வலித்தது. மார்லெனி தினமும் லோசாதாவைத் திட்டித் தீர்த்தாள். பிறகு கட்டி மெல்ல மெல்லச் சுருங்கியது.

ஐந்தாம் மாதம், ஒரு பை நிறைய அம்பாத்தோ ரொட்டியோடு ஹிமேனாவிடம் வந்த நூபியா, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

மார்லெனிக்குக் கண் கலங்கிவிட்டது. “நல்லா இருங்க டாக்டரம்மா! மேல இருக்கற பெரிய மனுஷன் பயந்து தள்ளிவிட்டாரு. நீங்கதான் துணிஞ்சு கை வெச்சீங்க.”

ஹிமேனா வெள்ளைக் கோட்டை இடது தோளிலிருந்து இறக்கினாள். ஒன்றையொட்டி ஒன்றாக மூன்று நீளத் தழும்புகள்.

“உங்களுக்குமா?” என்றாள் நூபியா.

“இதே கட்டிதான், மருத்துவம் படிக்கிறப்ப. மூணு தடவை ஆபரேஷன், மூணு தடவையும் முளைச்சுது. கடைசியில அந்த டாக்டர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘என் கத்தி தோத்துப்போச்சும்மா. வேற வழி எங்க இருந்தாலும் போய்க் கத்துக்கிட்டு வா. என்கிட்ட வர்றவங்களை உன்கிட்டயே அனுப்பறேன்’னு சொல்லி, உறைய வைக்கிற வைத்தியம் பண்ணிக்கவும் கத்துக்கவும் அவரே என்னை சாவ் பாலோவுக்கு அனுப்பி வெச்சார்.”

“யாரு அந்த மகராசன்?” என்றாள் மார்லெனி.

“டாக்டர் லோசாதா.”