மருமகள் நட்ட ஆன்டெனா

புருஷனை வேவு பார்ப்பதற்காக மொட்டை மாடியில் ஏறிக் கம்பி நட்ட பெண்டாட்டியை அந்தத் தெரு அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தது.

வேவு என்ற வார்த்தை மாமியாருடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மருமகள் ஸ்பேனரும் கையுமாகப் படியேறியதுமே, பக்கத்து மாடிக்கும் கேட்கிற குரலில் அதைச் சொல்லிவிட்டாள்.

மருமகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தையல் மெஷின் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறவள். துருப்பிடித்த நட்டைக் கண்டு பயப்படுகிற கை இல்லை அது. கோபம் வேறு இருந்தது.

வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியில் போகிறவர். கல்யாணமாகி நாலு வருஷத்தில் ஒருநாள்கூட, இன்றைக்கு இன்ன இடத்தில் தீ என்று வாய் திறந்ததில்லை. கேட்டால் ஸ்டேஷனில் சும்மா உட்கார்ந்திருந்தோம், செஸ் ஆடினோம் என்பார். போன வாரம் பாதிப் புருவம் கருகி வந்து நின்றார். டீ போடும்போது அடுப்பு குப்பென்று பற்றிக்கொண்டதாம். மூன்று தண்ணீரில் அலசியும் புகை நாற்றம் போகாத சட்டையைத் துவைக்கிறவளிடம் போய் இந்தக் கதை.

மாமியார் மட்டும் அதை அப்படியே நம்பினாள். என் பிள்ளைக்கு உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற வேலை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வாள். அதைச் சொல்லாமல் அவளுக்குப் பொழுது விடியாது.

பழைய சாமான் கடையில் மருமகள் ஒரு ஸ்கேனர் வாங்கினாள். தீயணைப்பு வண்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதைக் கேட்கிற ரேடியோப் பெட்டி. கேட்கலாம், பேச முடியாது. வீட்டுக்குள் அது வெறும் இரைச்சல்தான் போட்டது. உயரத்தில் ஆன்டெனா வைத்தால்தான் பேச்சு விழும் என்று ஒரு கம்பி ஆன்டெனாவையும் கொடுத்தார் கடைக்காரர்.

மாடியில் மாமனார் காலத்து டிவி டிஷ் ஒன்று பல வருஷமாகச் சும்மா நின்றது. அதன் குழாய் சுவரில் அசையாமல் இருந்தது. கேபிள் இன்னும் ஹால் வரைக்கும் இறங்கியிருந்தது. வேறென்ன வேண்டும்?

"அவர் வாயிலேருந்து வராது அத்தை. நானே காதால கேட்டுட்டு, இன்ன நேரத்துக்கு இன்ன இடத்துல இருந்தீங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றேன். அப்ப என்ன கதை விடறார்னு பாக்கலாம்."

"அதுல காக்கா வந்து உக்காரும். வேற ஒண்ணையும் அது பிடிக்காது" என்றாள் மாமியார்.

மண்ணெண்ணெய் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டு, நாலு நட்டையும் கழற்றி, தட்டைக் கீழே இறக்கினாள் மருமகள். தட்டைத் தாங்கியிருந்த பிடியிலேயே ஆன்டெனாவை வைத்து முறுக்கினாள். பழைய கேபிளையே செருகினாள். ஹாலுக்கு வந்து பெட்டியைப் போட்டால், உஸ்ஸென்று அதே இரைச்சல்.

மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுபடி மேலே போய்ப் பார்த்தபோதுதான் தன் முட்டாள்தனம் மருமகளுக்கு விளங்கியது. டிஷ் அண்ணாந்து வானத்தைப் பார்க்கிற சாமான். அதன் பிடியும் சாய்வாகத்தான் இருக்கும். அவளும் ஆன்டெனாவை அதே சாய்வில் வானத்துக்குக் காட்டியிருந்தாள். தீயணைப்பு வண்டி என்ன ஆகாயத்திலா ஓடுகிறது?

பிடியைக் கழற்றி ஓரமாகப் போட்டாள். ஆன்டெனாவை நேரே குழாயில் நிறுத்திக் கிளாம்ப் போட்டாள். நூலில் ஒரு பாபினைத் தூக்குக்குண்டு மாதிரி கட்டித் தொங்கவிட்டு, நூலும் கம்பியும் ஒரே நேராக நிற்கிறவரை விடவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளங்கை தோல் உரிந்தது. சாப்பிடக் கூப்பிட்டதற்கும் இறங்கவில்லை.

முதலில் தான் மட்டும் கேட்டுவிடலாம் என்று ஹாலில் உட்கார்ந்து இயர்போனை மாட்டினாள்.

இந்தத் தடவை குரல்கள் கணீரென்று விழுந்தன.

ஏதோ பெயின்ட் குடோனில் தீ. மூணாம் நம்பர் வண்டி முன்னால் நிற்கிறதாம். அது அவர் வண்டி. அடுத்து அவர் குரலே வந்தது. "உள்ள ரெண்டு பேர் மாட்டியிருக்காங்க. நான் போறேன்."

ஆள் கையும் களவுமாகச் சிக்கினார் என்று ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது அவளுக்கு.

பிறகு கூரை இடிந்து இறங்கிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். மூணாம் நம்பர், பதில் சொல்லுங்கள் என்று கூப்பிட்டார்கள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார்கள். அப்போதும் இல்லை.

மருமகள் இயர்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். நாலு வருஷமாக அந்த மனிதர் எதையெல்லாம் வாசலுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார் என்று இப்போது புரிந்தது. புரிந்து என்ன செய்ய, இப்போது அவர் குரல் வேண்டும்.

பிள்ளை சாயந்திரம் பசியோடு வருவான் என்று காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார், கத்தியும் கையுமாக ஹாலுக்கு வந்தாள். ஏதாவது கேட்கிறதா என்றாள். மருமகள் பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

காதில் முதலில் இருமல் வந்தது. அப்புறம் அவர் குரல். "ரெண்டு பேரையும் வெளிய கொண்டுவந்தாச்சு. எங்க ஆளுங்களும் எல்லாரும் வந்துட்டோம்."

பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது அவளுக்கு.

மாமியார் கத்தியைக் கீழே வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டாள்.

"ஏம்மா அழறே? என்ன சொல்லுது அது?"

மருமகள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னதுதான் அத்தை சரி. காலையிலேருந்து பட்ட பாடெல்லாம் வீணாப் போச்சு. இது ஒண்ணையும் பிடிக்கல."