எல்லாம் பச்சை

முதல் டூல், காட்ட வேண்டியதை மட்டும் காட்டியது. இரண்டாவது டூல் வீட்டுக்குள் கிடந்ததையெல்லாம் வாசலில் கொண்டுவந்து கொட்டியது.

ஐந்து மணிக்குள் அவள் இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எட்டு வருடமாக அவள் எழுதிய கம்ப்யூட்டர் கோடிலிருந்து விளக்கப் பக்கங்களை டூல் தானாகவே தயாரிக்கும். அவை வாடிக்கையாளருக்குப் போகும். நல்லதாகப் பார்த்து ஒன்றைச் சொல் என்று சொல்லிவிட்டு மேனேஜர் மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

இரண்டாவது டூலை ஓட்டிப் பார்த்ததும் அவளுக்குப் பகீரென்றது.

பேருந்துத் தாமதத்தைக் கணக்கிடும் ஒரு சின்ன ஃபங்ஷன், ஏழெட்டு வரிக் கோடு. அதற்கு மேலே விளக்கம் என்ற இடத்தில், கொட்டை எழுத்தில், அவளே என்றைக்கோ கோடுக்கு நடுவில் குறிப்பாக எழுதிவைத்த கமெண்ட்: "காலையிலிருந்து யாரோடும் பேசவில்லை. லிஃப்ட் மட்டும் மூன்றாவது மாடி என்று சொன்னது."

அட ராமா!

வெளியார் பயன்படுத்தும் ஃபங்ஷன்களுக்கு அவள் லட்சணமாகத்தான் விளக்கம் எழுதுவாள். உள்ளேயே கிடக்கும் சின்ன ஃபங்ஷன்களை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? கமெண்டைக் கம்ப்யூட்டரும் சட்டை செய்யாது. அந்தத் தைரியத்தில் மனதில் இருந்ததையெல்லாம் அங்கே இறக்கி வைத்திருந்தாள்.

அவள் எழுதும் ஃபங்ஷன்கள் ஒரு தினுசு. ஒரே கேள்விக்கு என்றைக்கும் ஒரே பதில். வெளியே எதையும் தொடாது, யாரையும் தொந்தரவு செய்யாது. ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் அந்தப் பைலை மறுபடி திறக்கவே வேண்டாம். அவளும் திறந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அவளுடைய கோடில் கை வைத்த இன்னொரு ஆள் எதிர் மேஜைக்காரர். நாலு வருடம் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நாற்பது வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

அவர் எதைத் திருத்தினாலும் அவள் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்பது ஆபீஸ் விதி. தானாக ஓடும் டெஸ்ட் எல்லாம் தப்பில்லை என்று பச்சை காட்டினால் அவள் படிக்காமலே சரி என்று அழுத்திவிடுவாள். அந்த மனிதரிடம் தப்பே வராது.

போன வருடம் வேலையை விட்டுப் போன அன்று அவர் பையோடு அவள் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "நான் எழுதினதெல்லாம் பாத்தீங்களா?"

அவள் ஹெட்போனில் ஒரு காதை மட்டும் விலக்கினாள். "எல்லாம் சரியா ஓடுதுங்க. நான் எதுக்குப் பாக்கணும்?"

பாராட்டாகத்தான் சொன்னாள். அவர் சிரித்துவிட்டுத் தன் மேஜைக்குப் போய், கொஞ்சம் தட்டிவிட்டுக் கிளம்பினார். அந்த மேஜையில் இப்போது பிரிண்டர் இருக்கிறது.

முதல் டூல்தான், வேறு பேச்சே இல்லை. மேனேஜருக்கு எழுதி அனுப்பிவிட்டாள். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. நாளைக்கே வேறு யாராவது இன்னொரு டூலை ஓட்டினால் மானம் போய்விடும். இரண்டாவது டூல் தந்த பக்கத்தை வைத்துக்கொண்டே தன் கமெண்டுகளை ஒவ்வொன்றாகத் தேடி அழிக்க உட்கார்ந்தாள்.

லிஃப்ட் வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அவள் எழுதியதல்ல.

"நான் குட்மார்னிங் சொன்னேன். ஹெட்போன் போட்டிருந்தீங்க."

அவள் கை நின்றுவிட்டது.

அடுத்ததைத் தேடினாள். "இன்று பிறந்தநாள். ஒரு துண்டு கேக் வாங்கி நின்றுகொண்டே தின்றேன்" என்று அவள் எழுதியிருந்தாள். அதன் கீழே: "தெரியாமப் போச்சே. அடுத்த வருஷம் ரெண்டு துண்டா வாங்குவோம்."

"மூன்று நாள் காய்ச்சல். ஒருத்தரும் தேடவில்லை."

"தேடினேன். உங்க நம்பர் என்கிட்ட இல்ல. கேட்கத் தயக்கமா இருந்துச்சு."

அவள் புலம்பிய இடத்திலெல்லாம் அவர் வந்து பதில் சொல்லியிருந்தார். ஓர் இடத்தைக்கூட விடவில்லை.

பக்கத்தின் கடைசி ஃபங்ஷனில் அவள் எதுவும் எழுதியிருக்கவில்லை. அவருடைய வரி மட்டும் இருந்தது.

"இன்னைக்கு நேர்லயே கேட்டுட்டேன். எதுக்குப் பாக்கணும்னு சொல்லிட்டீங்க. பரவாயில்ல. நல்லா இருங்க."

அவள் எதையும் அழிக்கவில்லை. அந்த வரி எப்போது வந்தது என்று மட்டும் திருத்தங்களின் பழைய பதிவில் போய்ப் பார்த்தாள்.

அவர் கிளம்பிய அன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவள் பார்வைக்கு அனுப்பியிருந்தார்.

டெஸ்ட் எல்லாம் பச்சை. ஐந்து முப்பத்தொன்றுக்கு அவள் சரி என்று அழுத்தியிருந்தாள்.