மூணாவது ஓலை

"மூணாவது ஓலையை இன்னிக்கு வாசிக்கச் சொல்லலாமா, வேணாமா? நீயே சொல்லு கண்ணு."

டோரதி திகைத்துப்போனாள். பெண் பார்க்க வந்த அன்றுகூட யாரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை. இப்போது ஸ்ரீரங்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கும் வருங்கால மாமியார் லூர்தம்மாள், காப்பியைத் தொடாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசையில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் சாமியார் கல்யாண ஓலையாக வாசித்து அறிவிப்பார். மூன்றாவதும் வாசித்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. மாப்பிள்ளை சகாயநாதன் பட்டாளக்காரன். அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போயிருந்தான். முதல் ஓலை வாசித்த வாரம்தான் அங்கே சண்டை மூண்டது. அதன் பிறகு அவனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

"இதுல கேக்குறதுக்கு என்னம்மா இருக்கு?" என்று சிரித்தார் அமிர்தராஜ். டோரதியின் அக்கா புருஷன். அவளைப் பெற்றவர்கள் போன பிறகு அவளை வளர்த்தவர். பட்டாளத்திலிருந்து வந்து பல வருஷம் ஆகியும் கே.கே. நகரில் அவர் எல்லோருக்கும் ஹவில்தார் சார்தான். மூலையில் இருந்த பச்சை டிரங்குப் பெட்டியின் மேல் டிரான்சிஸ்டரை வைத்து, செய்திக்காகத் திருகிக்கொண்டிருந்தார்.

"எழுபத்தொண்ணுல என்ன ஆச்சு? முதல் ஓலை வாசிக்கிறப்ப சண்டை ஆரம்பம். மூணாவது ஓலைக்குள்ள டாக்கா நம்ம கையில! குறிச்ச தேதியில, பொங்கல் கழிச்சு, இந்தா நிக்கிறாளே பாக்கியமேரி, இவ கழுத்துல தாலி! அன்னிக்கு எதிர்ல நின்னது பெரிய பட்டாளம். இப்ப யாரு? லுங்கி கட்டின பசங்க. டவுனுக்குள்ள நுழைஞ்சாச்சுன்னு ரேடியோவுலயே சொல்லிட்டான்."

இந்தக் கதை தெருவுக்கே மனப்பாடம்.

"போன ஞாயித்துக்கிழமையும் இதேதானே தம்பி சொன்னீங்க?" லூர்தம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்க வீட்டு ராசியை நம்பித்தான் நானும் சரின்னேன். எங்க தெருவுல யாழ்ப்பாணத்துலேருந்து வந்தவங்க குடியிருக்காங்க. 'அக்கா, முதல்ல நீங்க பிடியுங்கோ'ன்னு குழாயடியில குடத்தை நகர்த்தி வழி விடுவாங்க. இப்ப என்னைப் பாத்தா தலையைக் குனிஞ்சுக்கறாங்க. நானும் குனிஞ்சுக்கறேன். யாரை யாரு சுடறாங்கன்னே புரியலை."

டோரதிக்கும் அதுதான் புரியவில்லை. போன உடனே மாலை போட்டு வரவேற்றார்கள் என்றும், ஒரு வீட்டில் உட்கார வைத்துச் சோறு போட்டார்கள் என்றும் சகாயநாதன் எழுதியிருந்தான். சோறு போட்டவர்கள் இப்போது என்ன ஆனார்கள்?

"அத்தான், டாக்காவுல எப்படி அவ்வளவு சீக்கிரம் முடிஞ்சுது?"

"அப்படிக் கேளு!" அமிர்தராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆறு குறுக்கிட்டா ஜனங்களே படகு கொண்டாந்து ஏத்தி விடுவாங்க. எந்தப் பாதையில கண்ணிவெடி, எந்த வீட்டுல எதிரி ஒளிஞ்சிருக்கான், எல்லாம் அவங்களே கைகாட்டுவாங்க. நாங்க சும்மா நடந்து போனோம், அவ்வளவுதான்."

"இப்ப யாரு அத்தான் கைகாட்டறாங்க?"

அமிர்தராஜ் டிரான்சிஸ்டரைத் தட்டினார். "சனியன், ஒரே கரகரப்பு" என்றார்.

கோவிலில் முதல் மணி அடித்தது. ஓலையை நிறுத்துவதானால் இரண்டாம் மணிக்குள் சாமியாரிடம் சொல்லியாக வேண்டும்.

நிறுத்தச் சொன்னால், அவன் வரமாட்டான் என்று டோரதியே தன் வாயால் சொன்னதாக ஆகிவிடும். வாசித்த பிறகு அவனுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், பூசைக்கு வரும் பெண்கள் ஆயுசுக்கும் அவளை ஒரு மாதிரி பார்ப்பார்கள். எது சரி? இரண்டுமே தப்பாகத் தெரிந்தது.

"என்னம்மா யோசனை? ஹவில்தார் வீட்டுலயே பயந்துட்டாங்கன்னு ஊரு சிரிக்கவா? வாசிக்கட்டும்!" என்றார் அமிர்தராஜ்.

லூர்தம்மாள் அடுப்படி வாசலில் நின்றிருந்த பாக்கியமேரியிடம் திரும்பினாள். "நீ சொல்லும்மா பாக்கியம். மாப்பிள்ளை சண்டையில இருக்கறப்பதானே உனக்கும் ஓலை வாசிச்சாங்க? பட்டவ நீதான். நீ சொன்னா நான் கேட்டுக்கறேன்."

அத்தான் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அக்கா வாயே திறக்க மாட்டாள். வெட்கம் என்றுதான் டோரதி நினைத்திருந்தாள். அப்போது அவள் ஐந்து வயசுக் குழந்தை. வையம்பட்டியில் வெடி போட்டதும், தனக்குப் புதுப்பாவாடை கிடைத்ததும் மட்டும்தான் நினைவில் இருந்தன.

பாக்கியமேரி ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"அவரு சொல்றதுல பொய் இல்லைங்க. மூணாவது ஓலை வாசிச்ச அன்னிக்கு சண்டை முடிஞ்சு போயிருந்துச்சு. செயிச்சாச்சு, இனிமே மாப்பிள்ளைக்கு ஒண்ணும் இல்லைன்னு ஊரே வெடி போட்டுச்சு. பூசைக்குப் போட்டுட்டுப் போன சட்டையை அப்பா இன்னும் கழட்டலை, தந்தி வந்துருச்சு."

"லீவு கெடைச்சிருச்சுன்னா?" என்றாள் லூர்தம்மாள்.

பாக்கியமேரி பச்சை டிரங்குப் பெட்டியைப் பார்த்தாள்.

"ஓலையில வாசிச்சது எங்க மாமா மகன் தைரியராஜ் பேருங்க. அவரோட இந்தப் பெட்டியை வீட்டுல ஒப்படைக்க வந்தவருதான் இவரு. குறிச்ச தேதி வீணாகக் கூடாதுன்னு ஆயர்கிட்ட அனுமதி வாங்கி, ஓலையே இல்லாம எங்களுக்குக் கட்டி வெச்சாங்க."

அமிர்தராஜ் டிரான்சிஸ்டரை அணைத்து, அந்தப் பெட்டியின் மேலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், இரண்டாம் மணி அடிக்கும் முன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாமியார் வீட்டுப் பக்கம் போனார்.